எட்டில் ஒன்று

சக்காய் துறைமுகத்துக்குப் பின்னால்
கோயில் விழாவின் இரண்டாம் இரவு.
என் கல்லில் இருபத்தெட்டுக் குழி.
படகுக்கு எட்டு என்றால் மூன்றரைப் படகு.
அந்த அரைதான் எப்போதும் குழப்பம்.

எண்ணெய் தடவி மாவை ஊற்றியதும்
குழிக்குக் குழி கரை மறைந்து
எல்லாம் ஒரே குளம்.
அந்தக் குளத்தில்
எந்தக் குழி எங்கே என்று கை நினைவு வைத்து
ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பேய்க்கணவாய்.
அவ்வளவுதான் என் தொழில்.
மற்றதெல்லாம் ஊசி பார்த்துக்கொள்ளும்:
ஓரம் கிழிக்கும், உள்ளே தள்ளும்,
கால்வட்டம் கால்வட்டமாய்ச் சுழற்றி
தட்டையை உருண்டையாக்கும்.
மேலே கறுத்த சாறு,
அதன்மேல் சீவிய சூரைமீன்.
சூடு பட்டதும் அது நெளிவதைப் பார்த்து
உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறது
ஒரு வெளியூர்க் குழந்தை.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.
நேரமில்லை.

பக்கத்துக் கடை கென்ஸோவுடையது.
தையாகி சுடுகிறான்.
இரும்பு அச்சில் மீன்.
செதில் உண்டு, வால் உண்டு,
வயிற்றில் வெல்லப்பாகு போல் இனிக்கும்
அரைத்த சிவப்புக் காராமணி.
மீன் எங்கே என்று அவனை ஒருவரும் கேட்டதில்லை.
தலையில் தொடங்குவதா வாலில் தொடங்குவதா என்று
ஜோடிகள் சண்டை போட்டுச்
சிரித்துக்கொண்டே போகிறார்கள்.
எனக்கோ பலகையிலேயே வினை.
டாகோ என்று எழுதியாயிற்று.
எழுதியதைப் போட்டாக வேண்டும்.

தேர் திரும்பும்போது
தெரு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.
நூறு பேர் கயிற்றோடு ஓட
என் கூரைத் துணி ஒரு மூச்சு இழுத்துவிட்டது.
நானும் நிமிர்ந்து பார்த்தேன்.
கை மட்டும் போட்டுக்கொண்டிருந்தது.

கால்மணி நேரம் கழித்து அவர் வந்தார்.
கழுத்தில் துண்டு, கையில் காகிதப் படகு,
பல்குச்சியில் குத்திய பாதி உருண்டை.
"ஒன்றில் இல்லை" என்றார்.
கோபமில்லை.
மின்மீட்டர் பார்க்க வந்தவர்
அளவைச் சொல்வதுபோல்.
உள்ளே வெண்கூழ், வெங்காயத்தாள்,
ஒரு இணுக்குச் சிவந்த இஞ்சி.
நடுவில் ஒன்றுமில்லாத இடம்
ஒன்றுமில்லாமலேயே ஆவி விட்டது.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது
ஓர் அகப்பை வைத்திருப்பவர்களுக்குச் சரி.

குனிந்து மன்னிப்புக் கேட்டு இரண்டு கொடுத்தேன்.
ஒன்றை எடுத்துக்கொண்டு
மற்றதைத் திருப்பி வைத்தார்.
அங்கேயே நின்று, என் முன்னாலேயே கடித்தார்.
சூடு.
நாக்கு இடம் தேடி அலைய
கண்ணில் நீர் முட்ட
வாயைத் திறந்து ஊதிக்கொண்டே
தலையாட்டினார்:
"இருக்கிறது."

பத்தரைக்கு மாவு தீர்ந்தது.
பெட்டியைப் பார்த்தேன். துண்டும் தீர்ந்திருந்தது.
காலையில் குழிக்கு ஒன்று என்று
எண்ணித்தான் நறுக்கினேன்.
அப்படியானால் இன்று ராத்திரி
யாரோ ஒருவர் வாயில் இரண்டு.

கயிறு இழுத்த பையனோ,
விசில் ஊதி ஊதி நடுவில் தின்ற போலீஸ்காரரோ,
கீமோனோவில் சாறு சிந்தாமல்
எட்டி எட்டிக் கடித்தாளே, அவளோ.
மென்றிருப்பார்கள்.
ஒரு கணம் நின்றிருப்பார்கள்.
பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டு
விழுங்கியிருப்பார்கள்.

பதினோரு வருடமாய் இந்தக் கல் என்னுடையது.
இல்லை என்று சொல்ல
நாற்பது பேராவது வந்திருப்பார்கள்.
இரண்டு இருந்தது என்று
ஒருவரும் வந்ததில்லை.

கென்ஸோ அச்சைச் சுரண்டிக்கொண்டே
கடைசி மீனை என் பக்கம் நீட்டினான்.
துடுப்பு உடைந்தது, விற்க முடியாதது.
வாலில் தொடங்கினேன்.
அவனிடம் வால் எப்போதும் வெறும் மாவுதான்.
ஊரறிந்த கஞ்சத்தனம்.

இன்று நுனிவரை காராமணி.

கல்லைத் துடைத்தேன்.
விளக்கை அணைத்தேன்.
நாளைக்குப் பார்க்கலாம் என்றேன் அவனிடம்.
வேறொன்றும் சொல்லவில்லை.